குழலை நிறுத்திவிட்டார்கள்

இந்த ஸ்டேஷனில் எல்லோருமே தணிந்த குரலில் பேசுகிறீர்கள். எனக்கு அது ஆச்சரியமாக இருக்கிறது. போலீஸ்காரர்கள் என்றால் அதட்டுவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நீங்களோ என்னைப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, டீயும் வாங்கிக் கொடுத்து, வாய்க்குள்ளேயே கேள்வி கேட்கிறீர்கள். சத்தமாகக் கேளுங்கள் ஐயா என்று சொன்னால் ரைட்டர் சிரிக்கிறார். பரவாயில்லை. நீங்கள் கேட்க வந்தது எது என்று எனக்குத் தெரியும். ஆவுடையப்பனுக்கு வெற்றிலையில் சிந்தூரம் வைத்துக் கொடுத்தது நான்தான். ஏன் என்று தெரிந்துகொள்ளத்தானே இத்தனை பாடு. முதலிலிருந்து சொல்லுகிறேன்.

என் பெயர் சண்முகையா. பிறந்தது பனவடலிசத்திரம். ஆடு மேய்த்த குடும்பம். கிடையில் கண்ணை மூடிப் படுத்திருந்தாலும், எந்த ஆடு எழுந்து நகர்கிறது என்று கழுத்து மணியை வைத்தே சொல்லிவிடுவேன். எங்கள் அப்பா வருகிற போகிறவர்களிடம் எல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்படுவார். காது விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்பதற்காக இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். இப்போது சந்தையில் பார்த்தால் எந்த ஆட்டுக்கும் மணியே ஒழுங்காகக் கட்டுவதில்லை. தொங்கும், ஆடும், சத்தம் வராது. செய்கிற வேலையில் யாருக்கும் கவனம் இல்லாமல் போய்விட்டது.

கல்யாணம் ஆனதும் சங்கரன்கோவிலுக்கு வந்து விசைத்தறிக்கூடத்தில் சேர்ந்தேன். அன்றிலிருந்து தறிதான். நீங்கள் தறிக்கூடத்துக்குள் போயிருக்கிறீர்களோ என்னவோ. உள்ளே பேச்சு கிடையாது. பேசினாலும் கேட்காது. நூல் அறுந்தால் கையைக் காட்டுவோம், டீ வந்தால் பெருவிரலைக் காட்டுவோம். அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிராளியின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளில் எல்லோருக்கும் அது பழகிவிடும்.

ஆவுடையப்பன் எங்கள் கூடத்துக்கு வந்தபோது சின்ன வயசு. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து தினம் பஸ்ஸில் வருவான். எனக்கு அடுத்த தறி. வாயை அசைத்துக்கொண்டே இருப்பான். புகையிலை மெல்லுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் கரண்ட் போயிற்று. தறிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. நின்ற பிறகு பார்த்தால், ஒரு குரல் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அவன் அத்தனை நாளும் அந்தச் சத்தத்துக்குள் பாடிக்கொண்டிருந்திருக்கிறான். கரண்ட் போனதைக் கவனிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு மேல் ஸ்தாயியில் ஒரு இடத்தைப் பிடித்து நிறுத்தியிருந்தான். கூடத்தில் இருந்த எங்களில் யாரும் நகரவில்லை. கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்ததும் வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டான். எனக்கு அந்த நிமிஷத்திலிருந்து அவன்மேல் உயிர். இன்றைக்கும் அதில் மாற்றம் இல்லை.

நான்தான் அவனை மைதீன் பாட்சா பாயிடம் கூட்டிக்கொண்டு போனேன். பாய் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். குழல் வாசிப்பார். தபலாவுக்கு ஒரு ஆளும் ஆர்மோனியத்துக்கு ஒரு ஆளும் கிடைத்தார்கள். 'இளந்தென்றல்' என்று பெயர் வைத்தோம். ஊர் உலகத்தில் எல்லா மெல்லிசைக் குழுவும் சினிமாப் பாட்டைத்தான் பாடும். ஆவுடையப்பன் மாட்டேன் என்றான். "சினிமாப் பாட்டுக்குத்தான் சினிமா இருக்குல்லா அண்ணாச்சி" என்பான். அவனே எழுதி, அவனே மெட்டுப் போட்டு, அதை மட்டும்தான் பாடுவான். முதல் கச்சேரியில் ஜனங்கள் கேட்ட கேள்வி இருக்கிறதே. சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினார்கள், எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டு. ஒருவன் துண்டைச் சுழற்றி எறிந்தான். நான் ஒருத்தன்தான் கை தட்டினேன். "கரிவலம் ரோட்டுல கடைசி பஸ்ஸு" என்று ஒரு பாட்டு. ஆரம்பத்தில் வேறு எதுவும் கிடையாது, பாயின் குழல் மட்டும். குழல் போய் நின்ற இடத்தில் ஆவுடையப்பன் குரலை எடுப்பான். எது குழல், எது குரல் என்று பிரிக்க முடியாது. அந்தப் பாட்டை மூன்றாவது நான்காவது கச்சேரியில் ஜனங்களே கேட்டு வாங்கினார்கள். தெருமுனையில் கேசட் கடை வைத்திருக்கும் பாதுஷா அதைப் பதிவு செய்து விற்றான். நான் ஒன்று வாங்கினேன். வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. இருந்தாலும் வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அந்தக் கேசட்டைப் பற்றிக் கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புதுப் பாட்டானாலும் வெள்ளிக்கிழமை, தறி ஓடாத நாளில், காலியான கூடத்தில் என் முன்னால் நின்று பாடிக்காட்டுவான். நான் தலையாட்டினால்தான் மேடைக்குப் போகும். நான் முகத்தைச் சுளித்தால் திருப்பிப் பாடுவான். அதேபோல மேடை ஏறுவதற்கு முன்னால் என் கையால் ஒரு வெற்றிலை மடித்துக் கொடுக்க வேண்டும். வேறு யார் கொடுத்தாலும் வாங்க மாட்டான். "அண்ணாச்சி வெத்தல போட்டாத்தான் தொண்ட தொறக்கும்" என்று மைக்கிலேயே சொல்லியிருக்கிறான். அதற்கும் ஜனங்கள் கை தட்டுவார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். சந்தோஷமாகவும் இருக்கும்.

பிறகு திருநெல்வேலியிலிருந்து இரண்டு பையன்களைச் சேர்த்தார்கள். ஒருவன் பேஸ் கிட்டார். இன்னொருவன் டிரம் செட். அங்கிருந்துதான் எல்லாம் கெட்டது.

ஊரில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. பூ மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் காலையில் ஆரம்பித்தால் இதுதான் பேச்சு. பாதுஷா, "இப்பதாம்வே கச்சேரி கச்சேரி மாதிரி இருக்கு. முந்தி உக்காந்து கேட்டானுவ, இப்ப எந்திரிச்சு ஆடுதானுவ" என்றான். பெருமாள்சாமி என்று ஒரு மிராசுதார், "நெஞ்சுக்குள்ள உலக்கயப் போட்டு இடிச்ச மாதிரில்லா இருக்கு. இது என்ன பாட்டு" என்றார். காலேஜ் பையன்கள் அவரைக் கேலி செய்தார்கள். நான் அவர் பக்கம்தான் பேசினேன். ஆனால் அவரும் முழுசாகச் சொல்லவில்லை. டிரம்மும் கிட்டாரும் வந்ததை மட்டும் எல்லோரும் பார்த்தார்கள். குழலை நிறுத்திவிட்டார்கள் என்பதை என்னைத் தவிர ஒருவரும் சொல்லவில்லை.

மேடையில் பாய் உட்கார்ந்திருப்பார். குழலை உதட்டில் வைத்திருப்பார். விரல்கள் அசையும். சத்தம் வராது. மைக் செட்காரனிடம் சொல்லி அவருடைய மைக்கை மட்டும் அணைத்துவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். வயசான மனிதரை வெளியே போகச் சொல்ல மனசு வராமல், ஊமைக் குழலோடு உட்காரவைத்திருக்கிறார்கள். ஒரு நாள் அவர் கடைக்கே போய்க் கேட்டேன்.

"ஏன் பாய், உங்கள இப்படி அவமானப்படுத்துதானுவளே, வாசிக்காம எதுக்கு மேடையில உக்காந்திருக்கீக?"

பாய் பூதக்கண்ணாடியைக் கண்ணிலிருந்து எடுத்தார். "என்ன வே சொல்லுத? நான் வாசிக்கலையா?" என்று கேட்டார். அப்புறம் வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்க் குழலை எடுத்து வந்து உதட்டில் வைத்தார். கடையில் வைத்தும் அவர் வெறுமனே விரலை அசைத்துக் காட்டினார். மானமுள்ள மனிதர் நடிக்கிறார் என்று நான் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

குழலை விடுங்கள். ஆவுடையப்பன் குரலே மாறிப்போயிற்று. அந்த மேல் ஸ்தாயி இல்லை. கம்மிப்போய், வாயில் துணியை வைத்துக்கொண்டு பாடுகிற மாதிரி. சொல் ஒன்றும் பிரிந்து வராது. அந்த டிரம் மட்டும் எனக்குத் துல்லியமாகக் கேட்கும். வெள்ளிக்கிழமை கூடத்தில் பாடிக்காட்டும்போது நான் முகத்தைச் சுளிப்பேன். அவன் இன்னும் உரக்கப் பாடுவான். கழுத்து நரம்பு புடைக்கும். நான் மறுபடியும் இல்லை என்று தலையசைப்பேன். ஒரு தடவை பாதியில் நிறுத்திவிட்டு என் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"அண்ணாச்சி, நான் அதே மாதிரிதான பாடுதேன். எங்கன தப்புன்னு சொல்லுங்க. திருத்திக்கிடுதேன்."

"பழைய குரல் இல்ல, மக்கா."

"எல்லாரும் நல்லாருக்குன்னுதான சொல்லுதாங்க."

"அவனுவளுக்கு என்ன தெரியும்" என்றேன்.

அவன் அழுதான். எனக்கும் தாங்கவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அவன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். தான் கெட்டுப்போனது தனக்கே தெரியாத ஒருவனுக்கு எப்படி எடுத்துச் சொல்வது? அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே கிடையாது. வீட்டிலும் எல்லாம் மாறிக்கொண்டுவந்தது. என் மனைவி முப்பிடாதி முன்பு வாய் ஓயாமல் பேசுகிறவள், முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினால் ஒன்றும் விளங்காது. வேப்பமரத்தில் குருவிகள் வருவதுண்டு, உட்காருவதுண்டு, கத்துவதில்லை. சைக்கிள்காரன்கள் மணி அடிக்காமலே வந்து மேலே இடிக்கிறார்கள். முப்பிடாதி ஒருநாள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "பாளையங்கோட்டைக்குப் போயி காது டாக்டரப் பாத்துட்டு வாங்க" என்றாள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. காது கேட்காதவனுக்குத் தறிச்சத்தம் கேட்குமா? எனக்குத் தறிச்சத்தம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் கேட்கிறது. படுத்த பிறகும் கேட்கிறது.

சிந்தூரத்தைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். நாடகக்காரர்கள் மத்தியில் பழைய பேச்சு அது. ஒருவன் குரல்மேல் பொறாமை இருந்தால் வெற்றிலையில் சிந்தூரம் வைத்துக் கொடுத்துவிடுவார்களாம், தொண்டை கட்டிவிடுமாம். சின்ன வயசில் கூத்துப் பார்க்கப் போன இடத்தில் கேட்டிருக்கிறேன். எனக்குப் பொறாமை கிடையாது. அதைத் தயவுசெய்து தனியாக எழுதிக்கொள்ளுங்கள். அவன் கொஞ்ச காலம் பாடாமல் இருந்தால் அந்தத் திருநெல்வேலிப் பையன்கள் வேறு பிழைப்பைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் பாயும் தபலாவும் அவனும் மட்டும் பழையபடி ஆரம்பிக்கலாம். இவ்வளவுதான் என் கணக்கு. ஓய்வு கொடுத்தால் தொண்டையும் சரியாகும் என்று நினைத்தேன்.

பங்குனியில் வாசுதேவநல்லூர்க் கச்சேரி. மேடைக்குப் பின்னால் வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். சுண்ணாம்போடு சுண்ணாம்பாக அந்த ஈயச் சிந்தூரம் கொஞ்சம்தான். அவன் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போட்டுக்கொண்டான். பாடினான். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. போன கச்சேரி எப்படியோ அப்படித்தான் இருந்தது. ஒருவேளை பத்தவில்லையோ என்று அடுத்த கச்சேரிக்குக் கூடுதலாக வைத்தேன். அப்போதும் அதேதான்.

ஆனால் டீக்கடையில் பேச்சு மாறியது. "ஆவுடையப்பனுக்கு மேல போவ முடியல வே. பிசிறடிக்கி" என்றான் பாதுஷா. ஆட்டம் போட்ட காலேஜ் பையன்கள்கூட உச்சுக் கொட்டினார்கள். எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா ஐயா. நான் இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததை ஊர் இப்போதுதான் கேட்க ஆரம்பித்திருக்கிறது என்று நினைத்தேன். காது வருவதற்கும் சிலருக்கு நாள் ஆகும். சிந்தூரம்தான் வேலை செய்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேலை செய்திருந்தால் அவன் நிறுத்தியிருப்பானே. அவன்தான் விடாமல் பாடிக்கொண்டிருந்தானே, என் கண் முன்னால் வாயைத் திறந்து. அதனால் நானும் விடவில்லை.

ஆடித்தபசுக் கச்சேரிக்கு ரத வீதியில் எள் போட்டால் விழாத கூட்டம். சாயங்காலமே மேடைக்குப் பின்னால் வந்துவிட்டான். மெலிந்திருந்தான். ஈறு எல்லாம் கறுத்திருந்தது. வெற்றிலையை நீட்டினேன். "அண்ணாச்சி, இன்னைக்கு 'கரிவலம் ரோட்டுல' பாடப்போறேன். உங்களுக்காகத்தான். டிரம்மு வேண்டாம்னுட்டேன்" என்றான். எனக்குக் கண் கலங்கியது. மேடைக்கு நேர் எதிரே போய் நின்றேன். பாய் குழலை வைத்தார், ஒன்றும் வரவில்லை. ஆவுடையப்பன் வாயைத் திறந்தான், ஒன்றும் வரவில்லை. அவன் எப்போதும்போலத்தான் பாடுகிறான், இந்த மைக் செட்காரன் அவனையும் அணைத்துவிட்டான் என்று நினைத்தேன். சுற்றிலும் திரும்பிப் பார்த்தால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். பாய் குழலைக் கீழே வைத்துவிட்டார். ஆவுடையப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைக் கம்பியோடு சாய்ந்தான். கம்பி விழுந்த சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது.

பாளையங்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். அவன் அம்மா ஆறுமுகத்தாய் என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டாள். "நீங்க வந்துட்டீக, இனி எந்திரிச்சிருவான்" என்று உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். பேச வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அவன் கேட்கவில்லை. வாயை அசைத்தான். முகம் பாடுகிற முகம். கொஞ்ச நேரம் அசைத்துவிட்டு நிறுத்தி, புருவத்தை உயர்த்திக் கேட்டான். அந்தக் கேள்வி எனக்கு மனப்பாடம், எத்தனை வெள்ளிக்கிழமை பார்த்த உதடு.

"இப்ப எப்படி இருக்கு அண்ணாச்சி?"

பொய் சொல்ல எனக்கு வராது. "இன்னும் சரியா வரல, மக்கா" என்றேன். அவன் சரி என்று தலையாட்டினான். கண்ணோரம் தண்ணீர் இறங்கியது. அவன் அம்மா சோடா வாங்கப் போயிருந்தாள். மடித்துக்கொண்டு போயிருந்த வெற்றிலையை மடியிலிருந்து எடுத்தேன். அவன் வாயைத் திறந்தான். மெல்லத் தெம்பில்லை என்று நானே கசக்கி நாக்கில் வைத்தேன். மறுநாள் காலையில் போய்விட்டான் என்று தறிக்கூடத்துக்குச் செய்தி வந்தது.

டிரங்குப் பெட்டியில் சிந்தூரப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு முப்பிடாதிதான் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தாள் என்று தெரியும். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. தப்பு செய்தவனுக்குத் தண்டனை உண்டு, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் நான் கெட்டதைத்தான் நிறுத்தப் பார்த்தேன் என்பது உங்களுக்கு விளங்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பழைய கேசட்டைப் போட்டுக் கேளுங்கள், பழைய குரல் எப்படி இருந்தது, குழல் எப்படி இருந்தது, அப்புறம் நீங்களே சொல்லுங்கள் என்று உங்களை அவ்வளவு தூரம் கெஞ்சினேன்.

நேற்றுச் சாயங்காலம் நீங்களும் மனசு வைத்து, பாதுஷா கடையிலிருந்து டேப் ரிக்கார்டர் வரவழைத்தீர்கள். முப்பிடாதி கேசட்டைக் கொண்டுவந்தாள். அதே மஞ்சள் துணி. பாயையும் கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்திருந்தீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். இத்தனை வருஷம் கழித்துக் கேட்கப்போகிறேன். எங்கேயோ தூரத்தில் தபலா தட்டுகிறது மட்டும் கேட்டது. கண்ணைத் திறந்தேன். டேப் சுற்றிக்கொண்டிருந்தது. ரைட்டர் பேனாவை வைத்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பாய் அழுதுகொண்டிருந்தார். அவர் விரல்கள் முழங்காலில் துளை துளையாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. முப்பிடாதி என் காதோரம் வந்து, நெஞ்சே வெடிக்கிற மாதிரி கத்தினாள். "குழலுங்க. மொதல்லேருந்து குழல்தான் வாசிக்காரு. இப்ப ஆவுடையப்பன் பாடுதான். கேக்கலையா?"

நீங்கள் எழுந்து டேப்பை நிறுத்தினீர்கள். என் தோளில் கை வைத்து ஏதோ சொன்னீர்கள். நீங்களும் வாய்க்குள்ளேயேதான் சொன்னீர்கள், அதனால் எனக்கு விளங்கவில்லை.

என் வாக்குமூலம் இவ்வளவுதான். படித்துக் காட்ட வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். ஆனால் ஐயா, அந்தப் பாதுஷாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரியுங்கள். என் கேசட்டையும் யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள்.